அலுவலக உடையில் வெயிலுக்கும் ஓர் இடம்

(சென்னையில், அலுவலக ஊழியர்களும் மனிதவளத் துறையினரும் கூடிய ஒரு கோடைக்கால அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெசவும் துணியும் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவள் நான். அதனால்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். "கத்திரி வெயில் வந்துவிட்டது, ஆபீஸுக்கு எதை உடுத்திக்கொண்டு போவது என்று நாலு வார்த்தை சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டார்கள். சொல்கிறேன். எந்தத் துணி, எந்தத் தையல், எதைத் தவிர்ப்பது, எல்லாமே சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. உடுத்துகிறவர் என்னதான் பார்த்துப் பார்த்து உடுத்தினாலும், உடை விதி என்று ஒன்றை எழுதுகிறவர் வெயிலை நினைக்காமல் எழுதினால் அந்தச் சாமர்த்தியம் முழுக்க வீண்.

நம் ஊரில் அலுவலக உடை விதிகள் பெரும்பாலும் ஏசி அறையில் உட்கார்ந்து, ஏசி அறைக்காகவே எழுதப்படுகின்றன. அந்த அறைக்கு ஊழியர் எப்படி வந்து சேருகிறார் என்பது விதியில் இல்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலேறி, கிண்டியில் இறங்கி, பாலத்தில் ஏறி இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து, கடைசியில் அரை கிலோமீட்டர் வெயிலில் நடந்து வருகிறாரே, அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கில் சேர்கிறது? அதைக் கணக்கில் சேருங்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

உடல் செய்யும் வேலை

முதலில் உடலைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலின் உள்ளே 37 டிகிரி செல்சியஸ். தோலின் மேற்பரப்பு அதைவிடச் சற்றுக் குறைவு, 33 முதல் 35 டிகிரி வரை. சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை உடலின் வெப்பம் தானாக வெளியேறிவிடும்.

சென்னையில் மே மாதத்து மதியம் 38 டிகிரியை எட்டுவது வழக்கமான செய்தி. 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கத்திரி முடிந்துவிட்டது என்று பஞ்சாங்கம் சொன்ன பிறகு வந்த வெயில் அது. இப்படிக் காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் வெப்பம் எதிர்த் திசையில் பாயத் தொடங்குகிறது. வெளியிலிருந்து உடம்புக்குள் வருகிறது. அப்போது உடலுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை.

வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாவதால் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். முதுகில் ஓடி இடுப்பில் தேங்கும் வியர்வைக்கு அந்தப் பலன் இல்லை. உடலிலிருந்து நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வேலூரில் சென்னையைவிட வெயில் அதிகம் அடித்தாலும் சென்னையில்தான் புழுக்கம் தாங்கவில்லை என்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே கோடையில் உடுத்தும் துணிக்கு ஒரே தேர்வுதான். வியர்வை ஆவியாக அது வழி விடுகிறதா, தடுக்கிறதா? இதில் தேறாத துணி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் நம் ஊர்க் கோடைக்கு ஆகாது.

நாரும் நூலும் நெசவும்

துணியைப் பார்க்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எந்த நார், எவ்வளவு மெல்லிய நூல், எப்படிப்பட்ட நெசவு.

நாரில் தொடங்குவோம். சாதாரண காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். லினன் 12 சதவீதம் வரை இழுக்கும். பாலியஸ்டரோ அரை சதவீதம்கூட இழுப்பதில்லை. பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்வை தோலுக்கும் துணிக்கும் நடுவே மாட்டிக்கொண்டு பிசுபிசுக்கிறது என்றால் காரணம் இதுதான். வாடையும் இதில் சேரும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். வாடையை உண்டாக்கும் ஒரு வகை நுண்ணுயிர் பாலியஸ்டர் சட்டைகளில் பெருகியிருந்தது, பருத்திச் சட்டைகளில் அப்படிப் பெருகவில்லை. பேருந்தில் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவர் குளிக்காமல் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். துணியின் குணமாகவும் இருக்கலாம்.

அதற்காகப் பருத்தி என்றாலே எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பருத்தி ஈரத்தைக் குடிக்கும், ஆனால் சீக்கிரம் விடாது. கெட்டியான பருத்தித் துணி வியர்வையில் ஊறிவிட்டால் கனத்து, உடம்போடு ஒட்டி, மாலைவரை காயாது. ஜீன்ஸ் பேண்ட்டை நினைத்துப் பாருங்கள், அதுவும் பருத்திதான். ஆகவே மெல்லிய நூல் வேண்டும். நூலின் மென்மையை நம்பர் போட்டுச் சொல்வார்கள். ஒரு பவுண்டு பஞ்சிலிருந்து 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதே அந்த எண். 40-ஆம் நம்பர் நூலில் 40 சிட்டம், 80-ஆம் நம்பரில் 80 சிட்டம். எண் ஏற ஏற நூல் மெலியும். கோடைச் சட்டைக்கு 60, 80 நம்பர் நூல் போதும். வேட்டி வாங்கும் பெரியவர்கள் நம்பர் கேட்டு வாங்குவார்கள். சட்டைத் துணி வாங்கும் நாமும் கேட்கலாம்.

அடுத்து நெசவு. ஒன்று மேலே ஒன்று கீழே என்று ஊடும் பாவும் மாறி மாறிப் போகும் சாதாரண நெசவு கோடைக்கு ஏற்றது. பாப்ளின், வாயில், மல் எல்லாம் இந்த வகை. மதுரைச் சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி, நெகமம் பருத்திப் புடவை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை, மூன்றும் அலுவலகத்துக்குக் கச்சிதமாக உடுத்தத் தகுந்தவை. கண்டாங்கி கொஞ்சம் கனம் என்பவர்கள் சுங்குடியை எடுத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் செக்ஸ் என்ற பெயரில் நம் கட்டம் போட்ட பருத்தித் துணி கடல் கடந்து போய், அமெரிக்கர்கள் கோடைச் சட்டைக்கென்று தேடி வாங்கும் துணியாயிற்று. வெயிலுக்கு என்ன உடுத்துவது என்று உலகத்துக்குச் சொல்லித் தந்த ஊர் இது.

கடையில் எப்படிப் பார்ப்பது? சட்டையின் உள்பக்கச் சீட்டில் கலப்பு விகிதம் இருக்கும், அதைப் படியுங்கள். "காட்டன் ரிச்" என்று எழுதியிருந்தால் முழுப் பருத்தி இல்லை என்று பொருள். துணியை விளக்குக்கு நேரே பிடியுங்கள். பொடிப்பொடியாய் ஒளி வர வேண்டும், ஆனால் பின்னால் இருக்கும் கையின் உருவம் தெளிவாகத் தெரியக் கூடாது. பிறகு துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் காற்றும் வரும். வெட்டுத் துணி வாங்குகிறவர்கள் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி நூல் காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுத்து மணிபோல் இறுகும்.

கஞ்சி பற்றி ஒரு சொல். புடவையும் சட்டையும் விறைப்பாக நிற்க வேண்டும் என்று கெட்டியாகக் கஞ்சி போட்டால் நூலிடைத் துளைகள் அடைபட்டுவிடும். நீர்த்த கஞ்சி போதும். அது துணியை உடம்போடு ஒட்டவிடாமல் நிறுத்தும், காற்றையும் தடுக்காது.

தையல்காரரிடம் கேட்க வேண்டியவை

இப்போது தையலுக்கு வருகிறேன். பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

நல்ல பருத்திச் சுடிதார்த் துணி வாங்குகிறோம். நிறம் பார்த்து, நூல் பார்த்து, தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குகிறோம். தையல்காரர் உள்ளே லைனிங் வைத்துத் தைத்துத் தருகிறார். அந்த லைனிங் வழவழப்பான பாலியஸ்டராக இருந்தால் என்ன ஆகிறது? தோலைத் தொடுவது லைனிங்தான், வெளியே இருக்கும் பருத்தி இல்லை. கொடுத்த காசுக்குப் பருத்தியின் நிறம் கிடைத்தது, சுகம் கிடைக்கவில்லை. ரவிக்கையிலும் இதே கதை. உள்பாவாடை இன்னும் மோசம். புடவை கைத்தறிப் பருத்தி, அதற்கு அடியில் சாட்டின் பாவாடை. இடுப்பைச் சுற்றி நாடா இறுகும் இடத்தில் வியர்வை தேங்கி, வேர்க்குரு வந்து, சொறிந்து புண்ணாகி, மேலே படர்தாமரையும் சேர்ந்தால் மருந்துக் கடைக்கு அலைய வேண்டியதுதான்.

லைனிங்குக்கு மெல்லிய மல் துணி கேளுங்கள். "காட்டன் லைனிங் துவைத்தால் சுருங்கும்மா" என்று தையல்காரர் சொல்வார். உண்மைதான். அதற்கு மருந்து சுலபம். தைக்கக் கொடுப்பதற்கு முந்தின நாளே லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக் கொடுத்துவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். வெளித்துணி ஒளி ஊடுருவாததாக இருந்தால் உடலுக்கு மட்டும் லைனிங் போதும், கைக்கு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஆண்கள் சட்டையில் சிக்கல் வேறு. உடம்போடு ஒட்டித் தைப்பதுதான் நாகரிகம் என்றாகிவிட்டது. 1980-இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாலைவனத்து பெடூயின்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிகிறார்களே, அது ஏன் என்பது கேள்வி. கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிக வெப்பத்தை உறிஞ்சியது என்னவோ உண்மை. ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால், அந்தக் கூடுதல் வெப்பம் தோலை எட்டும் முன்பே காற்றோடு வெளியேறிவிட்டது. அணிந்தவரின் உடல் இரண்டிலும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் பெற்றது. துணிக்கும் தோலுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு அவ்வளவு வலிமை. நாம் நடக்கும்போது அந்த இடைவெளியில் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது, கூடவே ஈரமும் போகிறது.

தொளதொளப்பாகத் தைத்தால் அலுவலகத்துக்கு எடுப்பாக இருக்காதே என்று கேட்பீர்கள். எடுப்பு தெரியும் இடம் ஒன்று, காற்று வேண்டிய இடம் வேறு. தோள் தையல் தோள் எலும்பின் முனையில் சரியாக உட்கார்ந்து, காலர் கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நின்று, கையின் நீளம் அளவாக இருந்தால் சட்டை கச்சிதமாகத் தெரியும். அக்குளிலும் மார்பிலும் இடுப்பிலும் தாராளமாக விட்டுத் தைத்தால் யார் கண்ணுக்கும் குறையாகப் படாது. "தோளைச் சரியாகப் பிடியுங்கள், உடம்பை விட்டுத் தையுங்கள்." தையல்காரரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், அவருக்குப் புரியும்.

பனியன் போடலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போடுங்கள். ஆனால் கைவைத்த பனியனாகப் போடுங்கள், மெல்லிய பருத்தியாக. கையில்லாத பனியன் அக்குளில் இருப்பதே இல்லை, வியர்வை நேரே சட்டையில் ஏறிவிடும். நிறம் பார்க்கும்போதும் அக்குளை நினைவில் வையுங்கள். இளநீலமும் சாம்பல் நிறமும் ஈரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையும் கருநீலமும் சின்னக் கட்டங்களும் அவ்வளவாகக் காட்டுவதில்லை. வியர்வையை மட்டுப்படுத்தும் அலுமினிய உப்புப் பூச்சுகளைக் காலையில் அவசரமாகப் பூசுவதைவிட, இரவில் உலர்ந்த தோலில் பூசிவிட்டுப் படுத்தால் நன்றாக வேலை செய்யும். தோல் ஷூ இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒன்றுவிட்ட ஒரு நாள் அணியுங்கள். ஒரு நாளின் வியர்வை முழுதாகக் காய ஒரு இரவு போதாது.

ஒரே நாளில் இரண்டு பருவம்

வெளியே 38 டிகிரி. உள்ளே நுழைந்தால் 21 டிகிரி. நம் அலுவலக வாழ்க்கையில் ஒரே நாளில் இரண்டு பருவம் வந்துபோகிறது. வெயிலில் நனைந்த சட்டையோடு ஏசி துவாரத்துக்கு நேர் கீழே போய் உட்கார்ந்தால் உடல் வெடவெடக்கிறது. சாயங்காலம் தலைவலியோடு வீடு திரும்புகிறோம்.

ஏசி ஏன் 21-இல் வைக்கப்படுகிறது? 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் ஒன்றை எடுத்துக்காட்டினார்கள். அலுவலக வெப்பநிலைக்கான தரக் கணக்குகள், 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆணின் உடல் வெளியிடும் வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டவை. பெண்களின் உடல் வெளியிடும் வெப்பம் அதைவிடக் குறைவு. நம் அலுவலகங்களில் பெண்கள் நாற்காலி முதுகில் ஒரு சால்வையைத் தொங்கவிட்டிருக்கிறார்களே, அந்தச் சால்வைக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. இதோடு கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடையின் வெப்பத் தடையை அளக்க 'க்ளோ' என்றோர் அலகு உண்டு. கோட்டும் சூட்டும் ஏறத்தாழ ஒரு க்ளோ. அரைக்கைச் சட்டையும் மெல்லிய பேண்ட்டும் அதில் பாதி. கோட்டுப் போட்டவருக்கு இதமாக இருக்கும்படி அறையைக் குளிர்வித்தால் மற்றவர்கள் நடுங்கத்தான் வேண்டும்.

நம் நாட்டுக்கென்றே அளவுகள் இருக்கின்றன. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தினர் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில், மூன்று பருவங்களில், 6,330 பதில்களைத் திரட்டினார்கள். இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களில், வெளிவெப்பத்துக்கு ஏற்ப 28.5 டிகிரி வரையிலும்கூட மக்கள் இதமாக உணர்ந்தார்கள். நம் உடல் இந்த வெயிலுக்குப் பழகிய உடல். 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. உடை இலகுவானால் ஏசியை உயர்த்தலாம், ஏசி உயர்ந்தால் சால்வை வேண்டாம். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. வழியில் ஒரு சட்டை, இருக்கையில் ஒரு சட்டை. மடிப்புக் கலையாத ஒரு மாற்றுச் சட்டையை அலுவலகத்திலேயே வைத்திருங்கள். வந்ததும் முகமும் கழுத்தும் கழுவி, துடைத்து, பத்து நிமிடம் ஆறிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் இதற்கென ஒரு சிறு அறையும் நாலு கொக்கியும் ஒதுக்கினால் பெரிய செலவில்லை.

மரியாதை எதில் இருக்கிறது

"இதெல்லாம் சரி, வாடிக்கையாளர் முன்னால் மரியாதையாகத் தெரிய வேண்டாமா?" நிர்வாகிகள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. எதிரே வருகிறவரை மதித்து உடுத்த வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. அந்த மதிப்பு டையிலும் கோட்டிலும்தான் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

டை வழக்கம் வேரூன்றிய நாடுகளே அதைத் தளர்த்திவிட்டன. 2007-இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, மருத்துவர்கள் நோயாளிகளைக் கவனிக்கும்போது முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது, டையும் தவிர்க்கப்பட வேண்டும் என்று வழிகாட்டியது. கிருமித் தொற்றைக் குறைப்பது அதன் நோக்கம். டை கட்டாததால் மருத்துவரின் மதிப்பு குறைந்துவிடும் என்று அந்தத் துறை தயங்கவில்லை.

ஜப்பானைப் பாருங்கள். சம்பிரதாயத்தில் ஊறிய அலுவலகங்கள் உள்ள நாடு. 2005 கோடையில் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே 'கூல் பிஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அலுவலக ஏசி 28 டிகிரி, டையும் கோட்டும் வேண்டாம். சுற்றறிக்கை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் மக்கள் முன்னால் வந்தார். ஐச்சி உலகக் கண்காட்சி மேடையில் பெருநிறுவனத் தலைவர்களைக் கோடை உடையில் நடக்க வைத்தார்கள். மேலதிகாரி கழற்றாமல் கீழே உள்ளவர் கழற்ற மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்பற்றாக்குறை வந்தபோது விதியை இன்னும் தளர்த்தினார்கள். நமக்கு அருகில் வங்கதேசம் 2009-இல் ஆண் அரசு ஊழியர்களிடம் வெயில் மாதங்களில் கோட்டையும் டையையும் விடச் சொன்னது.

வெப்ப நாடுகள் சில இன்னும் ஒரு படி மேலே போயின. பிலிப்பைன்ஸில் பாரோங் என்ற மெல்லிய சட்டை 1975-இல் தேசிய உடையாக அறிவிக்கப்பட்டது. இடுப்புக்கு வெளியே தொங்கும் சட்டை அது, அதிபரும் அதை அணிகிறார். கியூபா 2010-இல் குவாயபெரா சட்டையை அரசுமுறை நிகழ்ச்சிகளுக்கான உடையாக்கியது. அந்த ஊர் வெயிலுக்கு உகந்த சட்டை அந்த நாட்டின் உயர்ந்த மேடையிலும் ஏறியது.

நமக்கு இது புதிதா? 1954 முதல் 1963 வரை கோட்டையில் முதலமைச்சராக அமர்ந்திருந்த காமராஜர், கதர் வேட்டியும் தளர்ந்த அரைக்கைச் சட்டையுமாகத்தான் கோப்புகளைப் பார்த்தார். அந்த உடை அவருடைய அதிகாரத்தைக் குறைத்துவிடவில்லை. அப்படிப்பட்ட ஊரில்தான் 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே சென்னையில் ஒரு கிளப் வாசலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பொது இடங்களில் வேட்டிக்குத் தடை போடும் கிளப்பின் உரிமம் பறிபோகும், ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையிலும், பெண்களுக்குப் புடவையும் துப்பட்டாவோடு சுடிதாரும், ஆண்களுக்குச் சட்டை பேண்ட்டும் வேட்டியும் ஏற்கப்பட்டிருக்கின்றன. அரசு அலுவலகத்தில் தகும் உடை ஒரு தனியார் அலுவலகத்தில் எப்படித் தகாமல் போகும்?

நீதிமன்றங்களில் பாதி வழி வந்திருக்கிறோம். இந்திய பார் கவுன்சில் விதிப்படி, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் தவிர மற்ற இடங்களில் கோடையில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. மின்விசிறி மட்டும் சுழலும் கீழமை நீதிமன்றங்களில் அந்தத் தளர்வு பெரிய ஆறுதல்.

தேர்ந்தெடுக்க முடியாதவர்கள்

இதுவரை நான் சொன்ன துணி, நூல், லைனிங் எல்லாம் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவர்களுக்கு. அந்த உரிமை இல்லாதவர்களைப் பற்றிப் பேசாமல் என்னால் முடிக்க முடியாது.

நீங்கள் காலையில் உள்ளே நுழையும்போது வாசலில் சல்யூட் வைக்கிறாரே காவலர், அவர் உடையை என்றாவது கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? கெட்டியான பாலியஸ்டர் கலப்புச் சட்டை, தோளில் பட்டை, மார்பில் குறுக்கே கயிறு, தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். கழுத்துப் பட்டையில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். கட்டடத்திலேயே அதிக வெயில் படும் இடத்தில் நிற்பவருக்குத்தான் கட்டடத்திலேயே அதிகச் சூடான உடை. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம், விலை மலிவு என்று யாரோ மொத்தமாக ஆர்டர் கொடுத்த துணி அது.

பள்ளிகளில் புடவைக்கு மேல் ஓவர்கோட் போட்டுக்கொண்டு, மின்விசிறி மட்டும் உள்ள வகுப்பறையில் நாள் முழுதும் நின்று பாடம் நடத்துகிறார்கள் ஆசிரியைகள். டை கட்டிக்கொண்டு இருசக்கர வண்டியில் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குகிறார்கள் மருந்து விற்பனைப் பிரதிநிதிகள். ஜவுளிக் கடைகளில் நின்றபடியே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நிற்கிறவருக்கும் கால் வலிக்கும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்தது. வெயில் ஆளைக் கொல்லும் என்பதையும் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகு, வெயிலில் நிற்கிறவருக்குக் காற்றுப் புகாத சீருடையைக் கொடுப்பதை எப்படி நியாயப்படுத்துவோம்?

இந்த அவையில் மனிதவளத் துறையினர் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு சிலவற்றைக் கேட்கிறேன். மார்ச் முதல் செப்டம்பர் வரை டையும் கோட்டும் கட்டாயமில்லை என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் இளையவர்கள் நம்ப மாட்டார்கள். பதவியில் உயர்ந்தவர்கள் முதல் நாளே அதைக் கடைப்பிடியுங்கள். விதியில் எந்த உடை என்பதைச் சுருக்கி, எப்படி இருக்க வேண்டும் என்பதை விரித்து எழுதுங்கள். துவைத்தது, தேய்த்தது, கிழிசலற்றது, அளவானது, வாடையற்றது. இவ்வளவும் இருந்தால் வேட்டியும் மரியாதை, சுங்குடிப் புடவையும் மரியாதை, அரைக்கைச் சட்டையும் மரியாதை.

அடுத்த முறை காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சீருடைத் துணி வாங்கும்போது, மாதிரித் துணியை மேசையில் வைத்துப் பார்க்காதீர்கள். அந்தத் துணியில் ஒரு சட்டை தைத்து, மே மாதத்து மதியம் ஒரு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு உங்கள் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். அதன் பிறகு ஆர்டரில் கையெழுத்துப் போடுங்கள். பருத்தி கூடுதலாகச் சேர்ந்த, உடம்பை விட்டுத் தைத்த சீருடைக்குக் கொஞ்சம் பணம் கூட ஆகும். அந்தப் பணத்தை ஏசியை இரண்டு டிகிரி உயர்த்தி மிச்சம் பிடியுங்கள்.